மடாலோவின் பள்ளிக்கூடமும் ஒரு தொண்டைக்கட்டும்

லிம்பே, பிளாண்டைர்
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

என் மனைவியின் அண்ணனும், எங்கள் கல்யாணத்தை முன்னின்று பேசி முடித்தவரும், மங்கோச்சியில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியரும், என் மகள் மடாலோவுக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய மதிப்பிற்குரிய மச்சான் ஜைலோசி அவர்களுக்கு, வைசன் கச்சிங்வே பணிவோடு எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாகக் கண் விழித்தீர்கள் என்றால் நாங்களும் சுகமாகக் கண் விழித்தோம். உங்கள் முட்டிவலி, அண்ணியின் கோழிகள், போன மழையில் பறந்துபோன சமையலறைக் கூரை எல்லாம் அததன் இடத்தில் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை தியாமிகே நலம். சிப்பரோனிக் குளிர்த் தூறல் இந்த வருஷம் வந்த விருந்தாளி மாதிரி வெகுநாள் கிளம்பாமல் உட்கார்ந்திருந்ததால் சந்தையில் என் கம்பளிப் போர்வைக் கடையும் நலம். சனிக்கிழமைகளில் கல்யாண மேடையில் ஏறி மைக்கைப் பிடிக்கும் என் இன்னொரு தொழிலும் குறைவில்லாமல் நடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் பொறுத்துத்தான் ஆகவேண்டும். "என் மருமகளை எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டீங்க?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசித் தடவை வாயின் அருகே ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக் கசக்கவும் செய்தேன். பக்கத்தில் நின்ற தியாமிகே, "எங்கண்ணன் காலம்பூரா பசங்க சொல்ற பொய்யைக் கேட்டுக்கிட்டே வேலை பார்க்கறவரு. சர்க்கரைப் பையோட சத்தம் அவருக்குத் தெரியாதாக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆகவே மச்சான், நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மருமகளை நாங்கள் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டோம். சொல்லிவிட்டேன். இப்போது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். கட்டணம் எவ்வளவு என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

பகட்டுக்காகச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பிரின்ஸ், கோழி குறுக்கே வந்தால் அதனிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டுவிட்டுத்தான் போகிறான். அதைப் பார்த்து நாங்கள் ஆசைப்பட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு. மடாலோவின் வாய் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் அவள் பேசுவதைக் கேட்டால் எனக்கே மைக்கைக் கொடுத்துவிடத் தோன்றும். வாசற்படியைத் தாண்டினாளோ, பூட்டு விழுந்துவிடும். வெளியாள் யாராவது இருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் கிசுகிசுப்பாள். அதை நான் ஊருக்குச் சொல்ல வேண்டும். உங்களோடு போனில்கூட வெறும் தலையைத்தான் ஆட்டுவாள். நீங்களும் அந்தப் பக்கத்திலிருந்து "அப்படியா கண்ணு, சரி கண்ணு" என்பீர்கள். அந்தப் பொறுமைக்காகவே உங்களுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

முதலில் போனதே அரசுப் பள்ளிக்குத்தான், இதை அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளி. ஒன்றாம் வகுப்பு மாமரத்தடியில் நடந்தது. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். மரத்தின் நிழல் போதாமல் கடைசி வரிசை வெயிலில் இருந்தது. டீச்சர் நல்ல பெண், சின்ன வயது. "உன் பேர் என்ன பாப்பா?" என்று அவள் கேட்டதும் மற்ற நூறு பேரும் தங்கள் பெயரைக் கத்தினார்கள். மடாலோ என் கோட்டுக்குள் புகுந்துவிட்டாள். அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நல்லாப் பார்த்துப்பேன். ஆனா கத்தற பிள்ளை யாருன்னுதான் எனக்குத் தெரியும். சும்மா இருக்கற பிள்ளை இருக்கா இல்லையான்னே தெரியாதுங்க" என்றாள். வீட்டுக்கு வந்த தியாமிகே அன்று நசிமாக் களியைப் பிசைந்தாளே தவிர ஒரு வாய் சாப்பிடவில்லை. "எட்டாம் வகுப்புவரைக்கும் அந்த மரத்தடியில உக்காந்திருப்பா. அவ அங்க இருக்கான்னே யாருக்கும் தெரியாது" என்றாள். மச்சான், நீங்கள் தலைமை ஆசிரியர். ஆனால் அவள் சொன்னதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

அப்படி ஆரம்பித்தது அலைச்சல். முதலில் ஒரு பெரிய பள்ளி. பெயரிலேயே உலகம் இருந்தது. சுவரெல்லாம் சிரிக்கும் யானைகள். என் தொழில் உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் கூடிய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஆட வைத்து, பெண் வீட்டாரைக் காசு வீச வைத்து, பாதிரியாரையே இடுப்பை அசைக்க வைத்தவன் நான். அந்தத் தலைமை ஆசிரியை அம்மாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி, "உங்க குழந்தையைப் பத்தி உங்க தொலைநோக்கு என்ன?" என்று கேட்டார். நான் நிம்மதியாகி, "எட்டத்துப் பார்வை ரொம்ப நல்லா இருக்கும்மா. ரோட்டுக்கு அந்தாண்ட மண்டாசி பொரிக்கறவங்க அடுப்பை மூட்டினா, எனக்கு முன்னாடி இவதான் பார்ப்பா" என்றேன். தியாமிகே என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கறுத்திருக்கிறது.

பிறகு மடாலோவுக்குப் பரீட்சை. ஒரு படத்தைக் காட்டி இது என்ன மிருகம் என்றார். மடாலோ படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தாள். என் சட்டையை இழுத்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன். அவள் சொன்னதை யோசிக்காமல், தொழில் பழக்கத்தில், மேடைக் குரலில் அப்படியே வெளியே விட்டேன்: "அம்மாவோட செருப்பு ரெண்டும் வேற வேற!" அந்த அம்மா குனிந்து பார்த்தார். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். காலை இருட்டில் மாட்டியிருப்பார், பாவம், இந்தத் தூறல் காலத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "குழந்தையே பதில் சொல்லணும், மிஸ்டர் கச்சிங்வே. இங்க வாய் திறக்காத பிள்ளைகளை எடுக்கறதில்ல. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். மிருகம் வரிக்குதிரை என்று வெளியே வந்ததும் மடாலோ சொன்னாள். வரிகள் எத்தனை என்றும் சொன்னாள்.

அடுத்தது, ஒழுக்கத்துக்குப் பேர்போன ஒரு பள்ளி. கேட்டைத் தாண்டியதும் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒரு இருமல்கூட இல்லை. மடாலோ சட்டையை இழுத்தாள். இந்த முறை உஷாராக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன் மச்சான், சத்தியமாக. ஆனால் எனக்குக் கிசுகிசுக்கத் தெரியாது என்பது அந்த அமைதியில்தான் தெரிந்தது. நான் தியாமிகேயிடம் ரகசியமாகச் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது: "இங்க யாரு செத்துப்போனாங்கன்னு கேக்கறா." ஒரு பையன் களுக்கென்றான். அவன் பக்கத்துப் பெண் வாயைப் பொத்தினாள். அப்புறம் மொத்த வகுப்பும் மேஜையில் விழுந்து சிரித்தது. ஆசிரியர் பிரம்போடு எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் பின்புறமாகவே நடந்து வெளியே வந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது. தியாமிகேதான் சட்டென்று ஒரு நியாயம் சொன்னாள்: "நல்லவேளை. இங்க போட்டிருந்தா இவ பேசாததைப் பார்த்து வருஷா வருஷம் பரிசு குடுத்திருப்பாங்க."

மூன்றாவது பள்ளியை என் கடைக்கு எதிரில் தகரம் விற்கும் ஆசாமியின் சிநேகிதர் நடத்துகிறார். அவர் எங்களைச் சுற்றிக் காட்டினார். ஒரு பள்ளத்தில் வாத்துகள் நீந்தின. "நீச்சல் குளம் வருது" என்றார். துணி போர்த்திய ஒரு பெட்டியைக் காட்டி, "கம்ப்யூட்டர் வருது, இது திரை மட்டும்" என்றார். பஸ் வருதாம், நூலகம் வருதாம், ஃபிரெஞ்சும் வருதாம். மடாலோ என் காதில் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன், "டீச்சர் எங்க?" அவர் வாசலைப் பார்த்து, "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார். மடாலோவுக்கு வாத்துகளை விட்டு வர மனசில்லை. தூக்கிக்கொண்டு வந்தோம்.

அன்று சாயங்காலம்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. இதை உங்களிடம் சொல்லக்கூடாதுதான், நீங்கள் அவள் பக்கம். ஆனாலும் சொல்கிறேன். தியாமிகே பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ ஏன் பேசணும் மடாலோ அப்பா? அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சுடறீங்க. இந்த வீட்ல ஒரு வாய்க்குத்தான் இடம்" என்றாள். நான் அதற்குப் பதில் பேசவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்திவிட்டது என்று பிறகு சொன்னாள். அதற்கடுத்த சனிக்கிழமை, ஒரு நல்ல கல்யாணத்தில், நான் மைக்கில் அடக்கமாகப் பேசப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஆட எழுந்திருக்கவில்லை. பெண்ணின் சித்தப்பா மேடைக்கு வந்து, "ஏன்யா, உன் வீட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார். துக்கம்தான் மச்சான். என் மகளின் குரலை நான்தான் சாப்பிட்டுவிட்டேனோ என்ற நினைப்போடு எப்படி ஐயா அடுத்தவன் வீட்டில் ஆட்டம் போடச் சொல்வது?

கடைசியாகப் போனது சிலோமோனியில் ஒரு சின்னப் பள்ளி. வீடுதான் அது, முன்னறையில் ஒரு வகுப்பு, கார் நிறுத்துமிடத்தில் ஒரு வகுப்பு. நடத்துபவர் கம்வெண்டோ அம்மா. நல்ல கனத்த உடம்பு, கழுத்தைச் சுற்றி இரண்டு துணி. தூறல் பிடித்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, காற்றுதான் வந்தது. "வாங்க" என்று கிசுகிசுத்தார். எனக்குக் கேட்கவில்லை. "என்னம்மா சொல்றீங்க?" என்று நான் கத்தினேன். அவர் ஏதோ கிசுகிசுத்தார். நான் இன்னும் கத்தினேன். எதிரில் இருப்பவருக்குக் குரல் இல்லையென்றால் நமக்குத்தான் காது கேட்கவில்லை என்று தோன்றி நாம் கத்துகிறோமே, அது ஏன் என்று தெரியவில்லை. மடாலோ என் கையை விட்டாள். அதை நான் உணர்ந்தேன், அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றதை. போய் அந்த அம்மாவின் மடியருகே நின்றாள். அந்த அம்மா குனிந்து அவள் காதில் எதையோ சொன்னார். இவள் அவர் காதில் எதையோ சொன்னாள். மறுபடி அவர். மறுபடி இவள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சந்தையில் விலை படியாத பொருளைப் பார்ப்பதைப் போல. நான் பொறுக்க முடியாமல், "என்ன சொல்றாங்க மடாலோ, என்ன சொல்றாங்க?" என்று குரல் எழுப்பினேன்.

அப்போது உங்கள் மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊர் உலகம் கேட்கச் சொன்னாள்: "அப்பா! கத்தாதீங்க! டீச்சருக்குத் தொண்டை வலிக்குது!"

கார் நிறுத்துமிடத்து வகுப்பு பாட்டை நிறுத்திவிட்டது. தியாமிகே இடுப்பில் சுற்றியிருந்த சித்தெஞ்சே துணியின் முனையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன உடனே வாயை மூடினேன்.

வீட்டுக்கு வரும் மினிபஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்கே சேர்க்கலாம் என்றேன். தியாமிகே அப்படியில்லை. உங்கள் ரத்தம் அல்லவா, யோசிக்கிறவள். "ஒரு ஜலதோஷத்தை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கறதா?" என்றாள். "அவங்களுக்குத் தொண்டை சரியானா என்ன பண்ணுவீங்க? தினம் போய் ஐஸ் தண்ணி வாங்கிக் குடுப்பீங்களா?" பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சரியான கேள்வி. ஆகவே காத்திருந்தோம். வெயில் வந்தது, மறுபடி போனோம். கேட்டிலேயே கேட்டது கம்வெண்டோ அம்மாவின் உண்மையான குரல். மச்சான், நான் தொழில்காரன், குரலை எடைபோடத் தெரிந்தவன். அது ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இல்லாமல் இரண்டு கல்யாணத்தை ஒரே நேரத்தில் நடத்தும் குரல். "யாரது, என் மடாலோவா?" என்று அது வந்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. தியாமிகே என் கையைப் பிடித்தாள். நானும் அவள் கையைப் பிடித்தேன். மடாலோ அசையாமல் நின்றாள். முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தியாமிகேயைத் திரும்பிப் பார்த்து, சந்தோஷம் தாங்காமல், "அம்மா, டீச்சருக்குச் சரியாயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அவ்வளவுதான். இதோ பள்ளி திறந்துவிட்டது. நீல ஸ்வெட்டர், கொஞ்சம் பெரிசு, வளர்ந்துவிடுவாள். எல்லோரோடும் பேசுகிறாள் என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வகுப்பில் பழைய பூட்டுதான். ஆனால் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் கம்வெண்டோ அம்மா அதைக் கவனிக்கிற எண்ணிக்கையில்தான் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

மச்சான், உங்களைக் கேட்காமல் செய்தது தவறு. மருமகள் விஷயத்தில் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது என்று தெரியாதவன் இல்லை நான். உங்கள் மரத்தடியையும் உங்கள் சுண்ணாம்புக்கட்டியையும் நாங்கள் அலட்சியம் செய்ததாக உங்கள் ஆசிரியர்கள் பேசினால், அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன். பிளாஸ்டிக் பைக்காகத் தனியாக ஒரு மன்னிப்பு. தியாமிகே சார்பில் ஒன்று; அவள் கேட்கமாட்டாள், நானே சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் கோபப்பட்டால் நியாயம். ஆனால் கோபத்தோடாவது வந்து அவள் பேசுவதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. கோழிகளுக்கு நோய் வராதிருக்கட்டும், ஏரி உங்கள் பக்கமே மீனைத் தள்ளட்டும், இந்த மழைக்காவது கூரை இருந்த இடத்தில் இருக்கட்டும். கடவுள் உங்களுக்கு நல்ல முட்டிகளைக் கொடுப்பாராக.

உங்கள் தங்கையைக் கட்டியவன்,
வைசன்

பின்குறிப்பு: மங்கோச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுக்கலாம் என்று இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இப்போது உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். நான் குளிக்கும்போது நீங்கள் போன் செய்தீர்கள். எடுத்தவள் மடாலோ. என்ன பேசினாள் என்று உங்களுக்கே தெரியும்; இந்தத் தெருவுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தின் பெயர், டீச்சரின் பெயர், ஸ்வெட்டரின் நிறம், "அப்பா உங்களுக்குப் பயந்துக்கிட்டு லெட்டர் எழுதி எழுதிக் கிழிக்கிறாரு மாமா" என்பதுவரை எதையும் விடவில்லை. சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். அதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கேட்டாள். கடைசியில், "சரி மாமா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று போனை வைத்தாள். பிறகு நேராக வாசலுக்குப் போய், பிரின்ஸின் அம்மா துணி உலர்த்துவதை நிறுத்தும் அளவுக்குக் குரலெடுத்து அறிவித்தாள்: "அப்பா! மாமா பையன் லிம்பானியும் தனியார் பள்ளிக்கூடம்தான் போறானாம்! போன வருஷத்துலேருந்தாம்! அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்!"

மச்சான், காரணம் கேட்க மாட்டேன். பிள்ளையைப் பெற்றவருக்குக் காரணம் இருக்கும். தியாமிகே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், இன்னும் நிற்கவில்லை. மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்புகளையெல்லாம் பெயரை மட்டும் மாற்றி எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். கூடவே காயவைத்த சம்போ மீன் கொஞ்சம் வைத்தால், உங்கள் ஆசிரியர்களுக்கு இது தெரியுமா என்றுகூட நான் கேட்க மாட்டேன்.